ஊர் சுற்றிப் படித்தவர்

பானுமதி மேடம் இறந்த செய்தி அவருடைய கைபேசியிலிருந்தே எனக்கு வந்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், காலையிலேயே எந்தக் கண்மாயைப் பற்றிய சந்தேகமோ என்று எண்ணிக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றேன். பேசியவர் அவருடைய அம்மா.

"தம்பி, பானு இல்ல."

வெளியே போயிருக்கிறாரா என்று கேட்டேன்.  அந்த அம்மாள், "காபியை ஆத்தி வச்சுட்டு நாற்காலியில சாஞ்சா. கூப்பிட்டேன், திரும்பல. நீங்க வாங்க தம்பி" என்றார். ஒத்தக்கடைப் பேருந்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். யானைமலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் காபி டம்ளரில் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் கல்லூரி அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. மேடைக்குப் பின்னால் கட்டிய பதாகையில், 'அயல்நாட்டுக்கு அனுப்பி எம் கல்லூரி பெருமை கொண்ட ஆய்வறிஞர்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய புகைப்படம்: தலை நிமிர்ந்து, வலக்கையை உயர்த்தி, வாய் நிறையச் சிரிக்கிறார். முழங்காலுக்குக் கீழே படத்தை வெட்டிவிட்டதால், கூட்டத்தினரை ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது. புதிதாகக் கட்டும் நீராய்வுக் கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்படும் என்றும், அவருடைய ஆய்வேடு அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்றும் செயலர் அறிவித்தார். என்னைப் பேச அழைக்கும் முன் முதல்வர் என் காதருகே குனிந்து, "நாமதான் அனுப்புனோம்கிறதை மட்டும் மறக்காமச் சொல்லிருங்க சார்" என்றார். நான் மேடை ஏறவில்லை.

அங்கே பேச மறுத்ததை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன். எங்கள் கல்லூரி அவரை எங்கும் அனுப்பவில்லை. அவராகப் போனார். படிப்பு பாதியில் இருந்தபோது கல்லூரி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. வர மறுத்ததும் கதவை மூடியது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் தனக்கென்று தேடிக்கொண்ட ஆண்டுகள் அவை. அவரால் இனி மறுத்துப் பேச முடியாது என்ற துணிவில் அந்த ஆண்டுகளை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அது நடக்கக் கூடாது. இந்தக் கட்டுரைக்கு வேறு நோக்கம் இல்லை.

அவர் புவியியல், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், வெளியே மதுரைத் தமிழ். திருமணம் செய்துகொள்ளவில்லை; அம்மாவும் அவரும் மட்டுமே. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தண்ணீர் கொடுத்தன, அந்த வாய்க்கால்கள் இன்று எந்த வீட்டுமனைகளுக்கு அடியில் கிடக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜெர்மனியின் வடக்கே ஆற்றங்கரை நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "இந்த வயசுல படிச்சு யாருக்கு ஆகப் போகுது?" என்று கேட்டாராம். அவருடைய அம்மா, "எனக்கு ஆகும். நீங்க காபி சாப்பிடுங்க" என்றாராம். ஊதியமில்லா விடுப்பில் அவர் கிளம்பினார்.

அங்கே அவரை மிகவும் மகிழ்வித்த பொருள் மாணவர் அட்டைதான். அந்த மாநிலத்தின் சாதாரண ரயில்கள் எல்லாவற்றிலும் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். முதல் முறை ரயிலில் பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "என் நரையைப் பாக்குறாரு சார். இது படிச்சு வந்த நரை இல்ல, பேப்பர் திருத்தி வந்த நரைன்னு எந்த பாஷையில சொல்றது?" என்று அன்று என்னிடம் கைபேசியில் சொன்னார். விடுதியில் இருபது வயதுப் பிள்ளைகளோடு பொதுச் சமையலறை. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது அந்த ஊர் ஒழுங்கு என்று தெரியாமல், ஒரு ஞாயிறு காலை மிக்சியில் மாவரைத்தார். பக்கத்து அறைத் துருக்கிப் பெண் போர்வையோடு வந்து நின்று, மிக்சியை ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

முதல் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, துறைக் கருத்தரங்கில் அவர் தம் ஆய்வைப் பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் அறையிலிருந்த அனைவரும் கைமுட்டியால் மேசையைத் தட்டினார்கள். நம் ஊர் வகுப்பறையில் பெஞ்சைத் தட்டினால் என்ன பொருள் என்பது ஆசிரியராக இருந்தவர் எவருக்கும் விளங்கும்: போதும், உட்கார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஒரு முறைகூட அந்தச் சத்தத்தைக் கேட்காதவர் அவர். மடிக்கணினியை மூடி, கோட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறி, ரயில் நிலையத்தில் கண்ணுக்குத் தெரிந்த முதல் வண்டியில் ஏறிவிட்டார். வண்டியிலிருந்துதான் என்னை அழைத்தார்.

"சார், பெஞ்சைத் தட்டிட்டாங்க சார்."

"யாரு, பசங்களா?"

"எல்லாரும். ப்ரொபசரும் சேந்து தட்டுனாரு."

"ப்ரொபசருமா!" என்றேன்.  "இப்ப எங்க போறீங்க?"

"தெரியல சார். வண்டி போகுது. வெளிய எல்லாம் வெள்ளையா இருக்கு."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. பனி மூடிய வயல்கள், ஒரு காற்றாலை, உறைந்த வாய்க்காலில் நிற்கும் ஒரு கொக்கு என்று தான் பார்ப்பதையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். நான் கீழமாசி வீதியில் மளிகைக் கடை வாசலில் மல்லியும் மிளகாயும் வாங்கிய பையோடு நின்றிருந்தேன். வண்டிச் சத்தமும் கடைக்காரர் சத்தமும் தூரப் போய்விட்டன. காதுக்குள் ஓர் ஊர் மெதுவாக நகர்ந்தது. திடீரென்று அவர், "ஒரு கால் வருது சார்" என்று வைத்தார். மீண்டும் அழைத்தபோது அவருக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. துருக்கிப் பெண் கூப்பிட்டிருக்கிறாள்: எங்கே ஓடிப்போனாய், எல்லாரும் உன்னைத் தேடுகிறார்கள், இந்தப் பருவத்தின் சிறந்த உரை அது என்று பேராசிரியர் சொன்னார். அங்கே மேசையைத் தட்டுவதுதான் கைதட்டல்.

"அப்ப திரும்பிப் போங்க மேடம்" என்றேன்.

"போறேன் சார். ஆனா ஏறுனது ஏறிட்டேன். இது கடைசியில எங்கதான் நிக்குதுன்னு பாத்துட்டுப் போறேனே."

அந்த வண்டி ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் போய் நின்றது. அன்று தொடங்கியது அவருடைய சனிக்கிழமைப் பயணம். முன்கூட்டி எதையும் பார்க்க மாட்டார். முதலில் வரும் வண்டி. பெயர் பிடித்த நிலையத்தில் இறங்குவார். ஆற்றின் மேட்டுக்கரையில் செம்மறிகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே நடப்பார், மழை வந்தால் ஏதாவது ஒரு மாதா கோவில் கதவோரம் நிற்பார், டப்பாவில் கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மதகு, கால்வாய், கரை எதைக் கண்டாலும் படம் எடுத்து அனுப்புவார். மதியச் சாப்பாடு முடிந்து நான் கண்ணயரும் வேளையில் அவை வந்து சேரும். பாதி உறக்கத்தில் பார்த்த அந்தச் சாம்பல் நிற நீர்நிலைகளில் எது கனவில் கண்டது, எது திரையில் கண்டது என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாம் ஆண்டில் அவருடைய வேலை ஓரிடத்தில் முட்டி நின்றது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயைக் கணினி 'நீர்' என்று காட்டியது. அந்தப் பருவத்தில் அங்கே நீர் இருக்க வழியில்லை என்பது அவருடைய கணிப்பு. "ஒரு எட்டு போய்ப் பாத்துச் சொல்லுங்களேன் சார்" என்றார். போனேன். கண்மாய்க்குள் இறங்கி, காணொளி அழைப்பில் அவருக்குக் காட்டினேன். நீர் இல்லை; எங்கும் பளபளக்கும் ஈரச்சேறு. மாட்டை ஓட்டி வந்த ஒருவர் கைபேசியை எட்டிப் பார்த்தார்.

"யாருண்ணே அந்தம்மா? குல்லாய் எல்லாம் போட்டிருக்கு?"

"எங்க காலேஜ் மேடம். ஜெர்மனியில இருந்து பேசுறாங்க."

"ஜெர்மனியில இருந்து எங்க கண்மாயைப் பாக்குதா? அம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தாத் தண்ணி தெரியும்ணே. கிட்ட வந்தாச் சேறுதான்."

பானுமதி மேடம் அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அண்ணே, அதைத்தான் நானும் ஒரு வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மேலிருந்து பார்க்கும்போது சேற்றையும் நீரையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு அவர் தேடிப்போன இடம்தான் பதாகையில் இருந்த புகைப்படம் எடுக்கப்பட்ட இடம். அந்நாட்டின் வடகரையில் கடல் நாள்தோறும் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு உள்வாங்கி, சேற்றுவெளியை விட்டுச்செல்கிறது. பின்பு திரும்பி வருகிறது. செயற்கைக்கோள் அந்த வெளியைக் கடந்து படம் எடுக்கும் வேளையும் கடல் விலகியிருக்கும் வேளையும் ஒன்றாக அமைந்த ஒரு காலையில், வழிகாட்டி ஒருவரோடும் துருக்கிப் பெண்ணோடும் அவர் வெறுங்காலில் சேற்றுக்குள் இறங்கினார். எங்கே முழங்கால் வரை புதைகிறது, எங்கே கணுக்கால் நனைகிறது என்று குறித்துக்கொண்டே நடந்தார். நடுவிலிருந்து என்னை அழைத்தார்.

"கடல் வத்திப் போச்சு சார்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"நெசமாத்தான். சுத்தி ஒண்ணுமே இல்ல. வானமும் சேறும் ஒரே கலரு. நான் எதுக்குள்ள நிக்கிறேன்னே தெரியல. சாயங்காலம் வந்துருமாம் சார், கடல்."

அந்த ஆண்டில் வைகை பாலத்தின் கீழ் வெறும் மணலாகக் கிடந்தது. போன நீர் சாயங்காலம் வந்துவிடும் என்று ஒருவர் அத்தனை இயல்பாகச் சொன்னதை, பல நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

செயற்கைக்கோள் கடக்கும் வேளை வந்தபோது அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக் கை காட்டினார். துருக்கிப் பெண் படம் எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே கரிய சேறு. அந்தப் படத்தை அவர் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். அன்றைய சேற்றுக் குறிப்புகளிலிருந்து ஆய்வேட்டின் மையமான இயல் பிறந்தது.

அதே படத்தை எங்கள் ஆசிரியர் அறையிலிருந்து ஒருவர் செயலருக்கு அனுப்பினார். படிக்க விடுப்பு வாங்கிக்கொண்டு கடற்கரையில் உல்லாசம் என்பது அவர் கூறிய பொருள். செயலருக்கும் அது பொருத்தமாகப்பட்டது. ஜூனில் வந்து பணியில் சேர வேண்டும், இல்லையென்றால் வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்று ஆணை போயிற்று. அவருக்கு இன்னும் ஓராண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. அங்கிருந்து பேராசிரியர் எழுதினார்; துறைத் தலைவர் எழுதினார்; ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நான் நேரில் போய் விளக்கினேன். கடைசியில் காணொளி மூலம் விசாரணை என்று முடிவாயிற்று. நான் அந்த அறையில் இருந்தேன். அவர் விடுதிச் சமையலறையிலிருந்து பேசினார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

செயலர் படத்தின் அச்சுப் பிரதியைத் திரையை நோக்கிப் பிடித்தார். "இது நீங்கதானே?"

"ஆமா சார்."

"யாருக்குக் கையைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"சாட்டிலைட்டுக்கு சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. முதல்வரும் சிரித்தார். அது என்ன செயற்கைக்கோள், அங்கே அவருக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார், வகுப்பில் காத்திருப்பதுபோல.

"மேடம், நேரா கேக்குறேன். நீங்க படிக்கப் போனீங்களா, ஊர் சுத்தப் போனீங்களா?"

"ரெண்டுக்கும்தான் சார். ஊர் சுத்தாம ஜியாகிரபி எப்படி சார் படிக்கிறது?"

"அப்ப ஜூன்ல வர மாட்டீங்க."

"முடிச்சுட்டுத்தான் சார் வருவேன்."

"முடிச்சுட்டு வரும்போது இங்க எடம் இருக்கும்னு நெனைக்காதீங்க."

"சரி சார்" என்றார். குரல் உயரவில்லை. அந்த வாரமே பணிவிலகல் கடிதம் வந்தது. கடிதத்தில் வசையும் இல்லை, விளக்கமும் இல்லை. அவருடைய மேசையை அப்புறப்படுத்தினார்கள்.

அவர் முடித்தார். ஒத்தக்கடைக்குத் திரும்பி வந்தார். எங்கள் கல்லூரிக்கு மட்டுமல்ல, வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவில்லை. தம் வரைபடங்களை எடுத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாகப் போனார். பாசனக்காரர்கள் கேட்டால் வாய்க்கால் எங்கே புதைந்திருக்கிறது என்று நடந்து காட்டினார். மேலூர் பக்கம் ஓர் ஊரில் அவர் காட்டிய இடத்தைத் தோண்டி, சென்ற மழைக்குத் தண்ணீரைக் கண்மாய் வரை கொண்டுபோனார்கள். வாழ்ந்த காலத்தில் எங்கள் கல்லூரி அவரை ஒரு சொற்பொழிவுக்குக்கூட அழைக்கவில்லை. இறந்ததும் பதாகை அடித்தது.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் முதல்வரும் வேறு இருவரும் பழத்தட்டோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ஆய்வேட்டின் பிரதியும், ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைக்க ஒப்புதலும் வேண்டும் என்றார்கள். "உங்க மக எங்க காலேஜோட சொத்தும்மா" என்றார் முதல்வர்.

அந்த அம்மாள் பழத்தட்டை வாங்கவில்லை. "எம் பொண்ணு உங்க வேலையை விட்டுட்டா. நீங்க சேத்துக்கிடல. இப்ப எந்த முறையில கேக்குறீங்க?" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் உதவவில்லை. அவர்கள் எழுந்து போனார்கள். ஆய்வேடு அந்த வீட்டில் இருக்கிறது. கண்மாய்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர் வராது. பெயரைச் சூட்டினால் குடும்பத்தின் மறுப்பு எழுத்தில் வரும், இந்தக் கட்டுரையும் உடன் வரும். எங்கள் செயலர் இதைப் படிப்பார் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

 அவர்கள் போன பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "தம்பி, நான் அவளைப் போன்னு சொன்னேன். தனியா, அம்புட்டுக் குளிருல. அவ அங்க சந்தோசமா இருந்தாளா? எங்கிட்ட எப்பவும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா. உங்ககிட்ட நெசத்தைச் சொல்லியிருப்பாள்ல?"

எதைச் சொல்வது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. பணியை விட்ட பின் வந்த வசந்தத்தில் ஒரு நாள் அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இருபுறமும் மஞ்சள் பூத்த வயல், அடிவானம் வரை. வெயில் முகத்தில் விழுகிறது. தூங்கிவிட்டார். வண்டி எங்கோ வயல் நடுவே நின்றதும் விழிப்புத் தட்டியது. எதிர் இருக்கையில் ஒரு கிழவர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார்; ஒரு துண்டை நீட்டினார்; வாங்கித் தின்றார். ஊர் எது, நாள் எது, எதற்காகப் போகிறோம் என்பது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஒரு நிமிசம் சார், நான் யாருன்னுகூடத் தெரியல. மேடமா, ஸ்டூடண்டா, யாரு வீட்டுப் பொண்ணுன்னு ஒண்ணும் இல்ல. பயமே வரல. இப்படியே இருந்துறலாம்னு இருந்துச்சு. அம்புட்டு நல்லா இருந்துச்சு."

அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "ஆப்பிள் தின்னாளா?" என்றார். தின்றார் என்றேன்.

பானுமதி மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அதில் அவர் எந்தக் கல்லூரியின் ஆளும் இல்லை, என் சிநேகிதியும் இல்லை. வண்டி வயலில் நிற்கிறது. அவர் வாயில் ஆப்பிள் இனிக்கிறது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.